முதலில் விளையாடட்டும், பிறகு வசனம்

பொங்கல் விழா நெருங்கிவிட்டால் போதும், நம் சங்கத்தில் சிறுவர் நாடகத்துக்கான ஏற்பாடுகள் தொடங்கிவிடும். பெரியவர் ஒருவர் நாடகம் எழுதித் தருவார். அது ஜெராக்ஸ் எடுக்கப்பட்டுப் பதினைந்து பிள்ளைகளுக்கு வழங்கப்படும். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளுக்காக அம்மாக்கள் இரவு கண்விழித்து வசனங்களை இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதித் தருவார்கள். மூன்று வாரம் மனப்பாடம். விழாவன்று ஜரிகை வேட்டி, ஒட்டு மீசை, பட்டுப் பாவாடை. பிள்ளைகள் ஒவ்வொருவராக மைக்கை நோக்கி நடந்து வருவார்கள்; சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்வார்கள்; அடுத்தவர் பேசுவதைக் காதில் வாங்காமல் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். நாமும் கைதட்டிப் படம் எடுத்துக்கொள்வோம். திரை விழுந்ததும், ஒப்பனை அறையிலிருந்து அதே பிள்ளைகள் சளசளவென்று பேசும் இந்தி கேட்கும்.

இதைக் கேலி செய்வதற்காக நான் எழுதவில்லை. ஆபீசும் வீடும் பார்த்துவிட்டு, தில்லிக் குளிரில் மூன்று வாரம் பிள்ளைகளை ஒத்திகைக்கு அழைத்து வரும் பெற்றோரின் ஆர்வம் சாதாரணமானதன்று. ஆனாலும் ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேடையில் நின்ற அந்தப் பிள்ளை யாராக நின்றது? ஔவையாராகவா? கட்டபொம்மனாகவா? அல்லது, அடுத்த வரி மறந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த ஒரு பிள்ளையாகவா?

என் கருத்து இதுதான். வசனத்தைக் கையில் கொடுக்கும் முன்னால் பிள்ளைகளை விளையாட விட வேண்டும். அந்த விளையாட்டுகளின் மூலம் ஒரு பாத்திரத்தைத் தாங்களே உருவாக்க அவர்கள் பழக வேண்டும். இது நல்ல நடிப்புக்காக மட்டும் சொல்லப்படும் யோசனை அன்று. மனப்பாடம் செய்த வசனத்தை ஒப்பிப்பதற்குத் தமிழ் தேவையில்லை. நல்ல ஞாபகசக்தி இருந்தால் போதும். ஒரு தமிழ்ப் பாட்டியாகவோ மாமாவாகவோ கால் மணி நேரம் வாழ்வதற்குத்தான் தமிழ் தேவைப்படுகிறது.

நமக்குப் புதிதல்ல

எழுதி வைத்த வசனம் இல்லாமல் நடிப்பதென்றால் ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கக்கூடும். ஐந்து வயதுப் பெண் துப்பட்டாவைப் புடவையாகச் சுற்றிக்கொண்டு, கதவைக் கரும்பலகையாக்கி, பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து அதட்டுகிறாளே, அவளுக்கு வசனம் எழுதிக் கொடுத்தவர் யார்? சங்கீதத்தில் மனோதர்மம் என்கிறோம். ராகத்தின் இலக்கணத்தை உள்வாங்கிக்கொண்டவர் அந்த நிமிஷத்தில் தோன்றுவதைப் பாடுகிறார். நாடகத்திலும் அது உண்டு. தெருக்கூத்தில் கட்டியங்காரன் அந்த ஊர்ச் சங்கதியை அந்த இரவிலேயே கதைக்குள் இழுத்துவிடுவான்.

மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களைப் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். வள்ளியாக வருபவர் ஓர் ஊர். நாரதராக வருபவர் வேறோர் ஊர். தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. அன்றிரவு மேடைக்குப் பின்னால்தான் சந்தித்துக்கொள்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ‘வள்ளி திருமணம்’ கதையும் பாட்டுகளும் எல்லாருக்கும் பாடம். அதற்கு மேல் இருவரும் செய்யும் தர்க்கம் அவரவர் சாமர்த்தியம். நாரதர் அடுத்து என்ன கேட்பார் என்று வள்ளி வேஷக்காரருக்குத் தெரியாது. ஆனால் எதைக் கேட்டாலும் வள்ளி எப்படிப் பதில் சொல்லுவாள் என்று தெரியும். பாத்திரத்தை உருவாக்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

குடியேறிய பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை

இப்படிப்பட்ட பயிற்சியைச் சிறுவர்க்கான விளையாட்டுகளாக முறைப்படுத்தித் தந்தவர் அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த வயோலா ஸ்போலின் (1906–1994) என்ற பெண்மணி. அவருடைய கதை நம்மைப் போன்றவர்களுக்கு நெருக்கமானது. ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் என்பவரும் அவருடைய தோழியும் 1889-ல் தொடங்கிய ‘ஹல் ஹவுஸ்’ என்ற சமூக இல்லம் இருந்தது. இத்தாலியர், கிரேக்கர், யூதர் என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. அங்கே நீவா பாய்ட் என்ற ஆசிரியை, விளையாட்டையே பாடமாக வைத்துப் பிள்ளைகளோடு பழகும் முறையைக் கற்பித்துவந்தார். 1920-களில் அவரிடம் பயின்றவர் ஸ்போலின்.

1930-களின் இறுதியில், அரசாங்கத்தின் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றில் நாடகப் பிரிவின் மேற்பார்வையாளராக ஸ்போலின் பணியாற்றியபோது ஒரு சிக்கல் எழுந்தது. பிள்ளைகள் வெவ்வேறு மொழிக்காரர்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. விளக்கவுரை சொல்லி நடிப்புக் கற்றுத்தர முடியவில்லை. ஆனால் ‘கண்ணாமூச்சி ஆடலாம் வா’ என்றால் விளக்கவுரை வேண்டுமா? விளையாட்டுக்கு ஒரு விதி. அந்த விதியிலேயே கவனம். அந்தக் கவனத்தில் கூச்சம் மறந்துபோகும். இந்த எளிய உண்மையை வைத்து அவர் ஒவ்வொரு நாடகப் பிரச்சினைக்கும் ஒரு விளையாட்டாக உருவாக்கிக்கொண்டே போனார். இருநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் அடங்கிய அவருடைய நூல் 1963-ல் வெளியாயிற்று. அதற்கு முன்பே, 1959-ல், அவருடைய மகன் பால் சில்ஸும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய ‘செகண்ட் சிட்டி’ என்ற குழு இந்த விளையாட்டுகளை வைத்தே தொழில்முறை நாடகத்தில் பெயர் பெற்றது.

பெரிய பெரிய நடிகர்கள் இதனால் உருவானார்கள் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். இது முதலில் இரண்டு மொழிகளுக்கு நடுவே நின்ற பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் முக்கியம். நம் பிள்ளைகளும் அங்கேதான் நிற்கிறார்கள்.

ஸ்போலின் முறையில் நடிக்கப் போகும் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன செய்துகொண்டிருக்கிறேன். என்ன பேச வேண்டும் என்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த மூன்றும் உறுதியாகிவிட்டால் பேச்சு பின்னால் வரும். சில நேரம் வராது, அதனாலும் மோசமில்லை. பேசாமலே ஒருவர் தோசை வார்ப்பதைப் பார்த்து அவர் கோபமாக இருக்கிறாரா, அவசரத்தில் இருக்கிறாரா என்று நமக்குத் தெரிவதில்லையா?

பஸ் ஸ்டாப்பில் எழுபது வயது

அவருடைய விளையாட்டுகளில் ஒன்று வயதைப் பற்றியது. இடம் ஒரு பஸ் ஸ்டாப். ஒவ்வொருவரும் ஒரு வயதை மனத்தில் வைத்துக்கொண்டு வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். வயது என்ன என்பதைப் பார்ப்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இதை ஆடியபோது, பத்து வயதுப் பையன் ஒருவன் எழுபது வயதைத் தேர்ந்துகொண்டான். எடுத்த எடுப்பில் கூன் போட்டான், இடுப்பில் கை, நடுங்கும் தலை, லொக் லொக்கென்று இருமல். எல்லாரும் சிரித்தார்கள். தொலைக்காட்சித் தாத்தா அப்படியே வந்து நின்றார். அடுத்த முறை அவனிடம் சொன்னது: “நீ கிழவனாக நடிக்க வேண்டாம். உனக்கு வயது எழுபது, அவ்வளவுதான். லோதி காலனியிலிருந்து மலை மந்திருக்குப் போகிறாய். பையில் அபிஷேகத்துக்குப் பால் இருக்கிறது. முழங்கால் வலி. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டாய். பஸ் வரவேண்டும்.”

இந்த முறை கூன் இல்லை. பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ஒவ்வொரு பஸ் வரும்போதும் ஓர் அடி முன்னால் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பின்வாங்கினான். கடைசியில் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், “என்ன நம்பர்மா அது?” என்று கேட்டான். யாரும் எழுதிக் கொடுக்காத வசனம். அந்த ‘மா’வை அவன் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டான். அவன் வீட்டுக்கு வந்துபோகும் யாரோ ஒரு பெரியவரிடமிருந்து காதில் விழுந்து, இத்தனை நாள் பயனின்றிக் கிடந்த சொல் அது.

முதல் முறை வந்தது வேஷம். இரண்டாம் முறை வந்தது ஆள். இந்த வேறுபாடு நமக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 1968-ல் வந்த ‘படோசன்’ இந்திப் படத்தில், குடுமியும் வேட்டியுமாக மெஹ்மூத் ஏற்ற தென்னிந்தியப் பாட்டு வாத்தியார் வேஷத்தை நினைத்துப் பாருங்கள். மெஹ்மூத் பெரிய கலைஞர். படமும் நல்ல நகைச்சுவைப் படம். நாமும் சிரித்துப் பார்த்த படம்தான். ஆனால் அந்தச் சாயலில் எத்தனையோ படங்களிலும் தொடர்களிலும் வந்த ‘மதராஸி’கள், பள்ளிக்கூட வராந்தாவில் நம் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் “ஐயோ ஐயோ” என்று தொடர்ந்து வந்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தை நான்கு அடையாளங்களாகச் சுருக்கிவிட்டால் அதற்குள் மனிதன் இருப்பது கண்ணில் படாது. அதே காரியத்தை நம் மேடையில் நம் பிள்ளைகள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கோ, காலனி சௌக்கிதாருக்கோ, பீகாரிலிருந்து வந்த ரிக்‌ஷாக்காரருக்கோ செய்துவிடக்கூடாது. ‘அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், இப்போது அவருக்கு என்ன வேண்டும்’ என்று ஒரு பிள்ளை யோசித்துவிட்டால் கேலி தானாகவே குறைந்துவிடுகிறது.

வா, வாப்பா, வாங்க

இரண்டாவது ஆசான் கீத் ஜான்ஸ்டோன் (1933–2023). லண்டனில் பள்ளி ஆசிரியராக இருந்து, ராயல் கோர்ட் நாடக அரங்குக்கு வந்து, பிற்பாடு கனடாவின் கால்கரி நகரில் குடியேறியவர். 1979-ல் வெளியான அவருடைய நூலில் ஒரு முக்கியமான கருத்து இருக்கிறது. எந்த இருவர் சந்தித்தாலும் அவர்களுக்கிடையே ஓர் உயர்வு தாழ்வு ஓடிக்கொண்டிருக்கிறது. பதவியை வைத்து வருவது மட்டுமன்று அது. எங்கே பார்க்கிறார், எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு உட்காருகிறார், பேசும்போது தலையை அசைக்கிறாரா என்பதில் அது தெரியும். மேடையில் உயிரில்லாமல் உரையாடிக்கொண்டிருந்த நடிகர்களிடம், ‘எதிரே இருப்பவரைவிடச் சற்றே மேலே அல்லது சற்றே கீழே உன்னை வைத்துக்கொள்’ என்று மட்டும் அவர் சொல்லிப் பார்த்தார். காட்சி உயிர் பெற்றுவிட்டது.

ஆங்கிலேயருக்கு இது ஒரு கண்டுபிடிப்பு. தமிழனுக்கு இது இலக்கணம்! வாயைத் திறந்து ‘வா’ என்ற ஓரெழுத்தைச் சொல்வதற்குள் எதிரே இருப்பவர் யார் என்று நாம் முடிவு செய்தாக வேண்டும். வா, வாடா, வாப்பா, வாம்மா, வாய்யா, வாங்க, வாருங்கள்: ஒவ்வொன்றும் ஓர் உறவு. கொங்கு நாட்டில் சிறு பிள்ளையையும் ‘வாங்க கண்ணு’ என்பார்கள். பல வீடுகளில் அப்பாவுக்கு ‘நீங்க’, அம்மாவுக்கு ‘நீ’. அந்த ‘நீ’யில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. ‘நீ’ என்றும் சொல்ல முடியாமல், ‘நீங்கள்’ என்றும் சொல்ல மனம் வராமல் இருக்கும் இடத்தில், “சாப்பிட்டாச்சா?” என்று நழுவுகிறோமே, அந்த நயத்தை எந்தப் பாடப்புத்தகத்தில் சொல்லித்தர முடியும்?

நம் பிள்ளைகளிடம் முதலில் தேய்வது இதுதான். சொற்கள் இருக்கின்றன, உறவு கழன்றுவிடுகிறது. சில பிள்ளைகள் எல்லாரையும் ‘நீ’ என்கின்றன. சில பிள்ளைகள் இந்தி ‘ஆப்’பை அப்படியே எடுத்துக்கொண்டு தம்பி தங்கையையும் ‘நீங்க’ என்கின்றன. திருத்தினால் முகம் சுருங்கி ஆங்கிலத்துக்குப் போய்விடுகின்றன. மனப்பாட நாடகம் இதற்கு உதவாது. வசனத்தில் சரியான விகுதியை எழுதியவர் போட்டுக் கொடுத்துவிடுகிறார். விளையாட்டில் பிள்ளையே போட வேண்டும்.

ஒரு விளையாட்டு சொல்கிறேன். இரண்டு பேர், ஒரு வாசற்படி. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. காட்சி முழுவதும் ‘வா’, ‘போ’, ‘உட்கார்’ என்ற மூன்று வினைகளை மட்டுமே பேசலாம். விகுதி எதுவானாலும் சரி. யார் யாருக்கு என்ன உறவு என்று பார்ப்பவர்கள் சொல்ல வேண்டும். கடன் கேட்க வந்த மைத்துனர், ஊரிலிருந்து சொல்லாமல் வந்த பெரியப்பா, வாடகை கேட்கும் வீட்டுக்காரர் என்று பிள்ளைகள் வரிசையாகக் கண்டுபிடிப்பதைப் பார்க்க வேண்டும். “உட்காருங்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்ட ஒரு பெண், இரண்டு உறவினருக்கிடையே உள்ள பத்து வருஷப் பகையை ஒரு சொல்லில் காட்டிவிட்டாள்.

கட்டபொம்மன் நாடகத்துக்கே வருவோம். 1959-ஆம் ஆண்டுப் படத்தில் சிவாஜி கணேசன் பேசிய வசனத்தை நம் சங்க மேடைகளில் எத்தனை பிள்ளைகள் பேசியிருக்கின்றன! எல்லாரும் முதல் வரியிலேயே உச்சக் குரலுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு ஏற இடமில்லை. வரலாற்றைப் பாருங்கள். கலெக்டர் ஜாக்சன் பாளையக்காரரை வரச் சொல்லிவிட்டு, குற்றாலத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பார்க்க மறுத்து அலைக்கழித்தார். கடைசியில் 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தது. அங்கேயும் மூன்று மணி நேரம் கட்டபொம்மனை நிற்க வைத்தார் என்று சொல்லப்படுகிறது. இதை வசனமே இல்லாமல் விளையாடச் சொல்லுங்கள். ஒரு நாற்காலி, அதில் ஒருவன் காகிதம் புரட்டிக்கொண்டிருக்கிறான். எதிரே ஒருவன் நிற்கிறான். அவன் ஓர் அரசன்; இதற்கு முன் யார் எதிரிலும் நின்று பழகியவனல்லன். உட்காரக் கேட்கவும் மாட்டான், நகரவும் மாட்டான். ஐந்து நிமிஷம் அப்படி நின்று பார்த்த பையனுக்குப் பிறகு அந்த வசனத்தைக் கொடுங்கள். கோபம் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். குரலை உயர்த்தாமலே அவனால் பேச முடியும்.

ஜி.டி. எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்

தமிழே பேச வராத பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். இரண்டு வழிகள் சொல்கிறேன்.

முதலாவது, அர்த்தமற்ற ஒலியில் பேசும் விளையாட்டு, ஸ்போலினுடையது. ஒரு பிள்ளை வாயில் வந்த சத்தத்தையெல்லாம் பேச்சைப் போலப் பேசும். பக்கத்தில் நிற்பவர் அதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ் தெரியாத பிள்ளைக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. ஏற்ற இறக்கம், கை, கண் எல்லாம் அதனிடம் இருக்கின்றன. தன்னுடைய சத்தத்துக்குத் தோழி தமிழில் உயிர் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டே நிற்கும். சில வாரங்களில், ‘நான் அதைச் சொல்லவில்லை, இதைச் சொன்னேன்’ என்று தானே திருத்த ஆரம்பிக்கும்.

இரண்டாவது, நம் எல்லாருக்கும் பழக்கமான இடத்தில் நடப்பது. நான்கு நாற்காலிகள், ஜி.டி. எக்ஸ்பிரஸின் ஒரு பெட்டி. சென்னை போய்ச்சேர இரண்டு இரவு ஆகும். முழங்கால் வலிக்காரப் பாட்டிக்கு மேல் பெர்த் வந்துவிட்டது. கீழ் பெர்த் வைத்திருப்பவர் ஒரு கல்லூரி மாணவி. இன்னொருவர் டிக்கெட் பரிசோதகர். விதிகள் இரண்டே: யாரும் தனக்கு வேண்டியதை நேராகக் கேட்கக்கூடாது, பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. பரிசோதகர் இந்தியில் பேசட்டும். அவர் அப்படித்தான் பேசுவார். ஆனால் பாட்டியிடம் எதைச் சொல்லவேண்டுமானாலும் தமிழில் சொல்லியாக வேண்டும். பாட்டி முறுக்கு டப்பாவைத் திறப்பார், பேத்தி கல்யாணத்தைச் சொல்வார், முழங்காலைத் தடவிக்கொள்வார். எதிரே இருக்கும் மாணவிக்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். வகுப்பில் ஒரு சொல் தமிழ் பேசாத பிள்ளைகளுக்கும் இந்த இடத்தில் “பரவால்ல பாட்டி, நீங்க இங்க படுத்துக்கோங்க” என்று சொல்லத் தோன்றிவிடுகிறது. விளையாட்டு கொடுக்கும் அவசரம் அப்படி.

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் பொதுவான ஒரு விதி உண்டு. எதிரே இருப்பவர் கொடுப்பதை மறுக்காமல் ஏற்று, அதன்மேல் ஒரு கல்லாவது அடுக்க வேண்டும். “என்ன மாமா, கையில பலாப்பழமா?” என்று ஒரு பிள்ளை கேட்க, “இல்லையே, ஒண்ணுமில்லையே” என்று மற்றது சொன்னால் காட்சி அங்கேயே செத்துவிடும். “ஆமாண்டா, பண்ருட்டியிலேர்ந்து தூக்கிட்டு வரேன், கை விட்டுப் போச்சு, ஒரு பக்கம் பிடி” என்றால் மாமாவுக்கு ஓர் ஊர் வந்துவிட்டது, களைப்பு வந்துவிட்டது, அதிகாரமும் வந்துவிட்டது. பாத்திரம் என்பது தனியே அறையில் உட்கார்ந்து செய்து முடிக்கும் பொருள் அன்று. பாதியை எதிரே நிற்பவர் கொடுக்கிறார். இதைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தாம் மெதுவாகக் கற்கிறார்கள் என்பது என் அனுபவம்; சங்கக் கூட்டங்களில் கலந்துகொள்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லப்படும் ஆட்சேபங்கள்

‘இதனால் நல்ல தமிழ் கெட்டுவிடும், பிள்ளைகள் பேச்சுத் தமிழோடு நின்றுவிடுவார்கள்’ என்பது ஒன்று. நல்ல தமிழை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வேரில்லாமல் செந்தமிழ் நிற்காது. வாசற்படியில் நின்று ‘வாங்க’ சொல்லப் பழகிய பிள்ளைக்குத்தான் ‘வருக வருக’ என்பதன் கம்பீரம் காதில் ஏறும்.

‘கண்டபடி கூத்தடிப்பார்கள்’ என்பது இன்னொன்று. இதில் உண்மை இருக்கிறது. கட்டுப்பாடில்லாமல் விட்டால் பத்து நிமிஷத்தில் எல்லாக் காட்சியும் அடிதடியிலும் ஆஸ்பத்திரியிலும் போய் முடியும். சிரிப்பு வந்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். நடத்துபவர் ஓரத்தில் நின்று, ஆட்டத்தை நிறுத்தாமலே, “பையின் கனத்தை மறந்துவிடாதே”, “பாட்டியைப் பார்த்துச் சொல்” என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஸ்போலின் வற்புறுத்தும் முறை இது. பிரமாதம் என்றோ மோசம் என்றோ தீர்ப்பு வழங்கக்கூடாது என்பதும் அவருடைய கட்டளை. பாராட்டுக்கு ஏங்க ஆரம்பித்த பிள்ளை விளையாட்டைவிட்டு நம் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

‘எழுதிய நாடகமே வேண்டாமா?’ என்பது மூன்றாவது. கட்டாயம் வேண்டும். எழுத்தாளன் தேர்ந்தெடுத்து அடுக்கிய சொல்லுக்கு உள்ள வலிமை, அந்த நேரத்தில் வாயில் வருவதற்கு எப்போதும் இருப்பதில்லை. விளையாட்டு, எழுதிய நாடகத்துக்குள் போகும் வாசற்படி. நான் கேட்பதெல்லாம் வரிசையை மாற்ற வேண்டும் என்பதே.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இதற்குப் பணம் வேண்டாம். நான்கு நாற்காலிகளும் ஓர் அறையும் போதும். நடத்தத் தெரிந்தவர்கள் இல்லையே என்றால், தேசியத் தலைநகரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது நமக்கு அழகல்ல. மண்டி ஹவுஸ் பக்கத்தில்தான் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. சிறுவர்க்கான நாடகப் பணிக்கென்றே 1989-ல் ஒரு தனிக் குழுவைத் தொடங்கிய நிறுவனம் அது. ‘சன்ஸ்கார் ரங் டோலி’ என்று பெயர். அங்கே பழகியவர்கள் இந்நகரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒருவரை இரண்டு சனிக்கிழமைகளுக்கு அழைத்தால் நம் இளைஞர்களில் நான்கு பேர் கற்றுக்கொள்வார்கள். அவர் இந்தியில் சொல்லித்தரட்டும். விளையாட்டை நாம் தமிழில் ஆடுவோம்.

செயற்குழு அன்பர்களுக்கு என் யோசனை: அடுத்த பொங்கல் நாடகத்துக்குத் தீபாவளிக்கு முன்பே தொடங்குவோம். பன்னிரண்டு சனிக்கிழமைகள். முதல் எட்டு வாரம் யார் கையிலும் காகிதம் கூடாது. பிள்ளைகள் விளையாடட்டும், ஒருவர் ஓரமாக உட்கார்ந்து அவர்கள் வாயில் வருவதை எழுதிக்கொள்ளட்டும். நாடகம் எழுதும் பெரியவர் அந்தக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைகளுக்கென்று எழுதட்டும். கட்டபொம்மனே ஆனாலும் சரி. கடைசி நான்கு வாரம் ஒத்திகை.

இன்னொன்றும் உண்டு. குளிர்காலம் தொடங்குமுன் ஊரிலிருந்து மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் வந்து, பகலெல்லாம் பேசுவதற்கு ஆளில்லாமல் பால்கனியில் வெயில் காயும் தாத்தா பாட்டிகள் நம் காலனிகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்வையாளராக உட்கார வைக்காமல் விளையாட்டுக்குள் அழைத்துக்கொள்ள வேண்டும். பாட்டியிடம் பேத்தி வேஷத்தைக் கொடுத்து, பேத்தியிடம் பாட்டி வேஷத்தைக் கொடுங்கள். பாட்டியாக நிற்கும் பேத்தி, தன் பாட்டி எப்படி உட்காருகிறார், எந்தச் சொல்லில் வாக்கியத்தைத் தொடங்குகிறார், எதைக் கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து போகிறார் என்று அந்த வாரம் முழுவதும் கவனிப்பாள். கவனிக்க வேண்டுமானால் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். பேச்சுக் கொடுக்க வேண்டும். அதைத் தமிழில்தான் செய்ய முடியும்.

வரும் பொதுக்குழுவில் இது பேசப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கத் தயாராக இருக்கும் பெற்றோர், சங்க அலுவலகத்தில் தங்கள் பெயரைக் கொடுக்கலாம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.